தினேஷுக்கு, அப்பாவின் மாத்திரையை மாற்றியது பற்றி

அன்புள்ள தினேஷ்,

கப்பல் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பிவிட்டது என்று செல்வி சொன்னாள். எனக்கோ அப்பாவுக்கோ நீ ஒரு வரி எழுதவில்லை. வேலை இருக்கும், நெட் சரியாகக் கிடைக்காது, எல்லாம் தெரியும், இருந்தாலும் கிளம்பும்போது ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாம். சரி, அதற்காக எழுதவில்லை. அப்பாவுக்கு பிரஷர் மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், அதைச் சொல்லத்தான்.

பயப்படாதே, நன்றாக இருக்கிறார். போன மாதம் இரண்டு கணுக்காலும் வீங்கிப்போய், செருப்பைக் கழற்றினால் வார் இருந்த இடம் பள்ளமாக நின்றது. உடனே கிட்னி போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார். கல்மண்டபம் மார்க்கெட்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்ல, அவர்களும் ஆளுக்கொரு கஷாயம் சொல்லி அனுப்பினார்கள். அது கிட்னி இல்லை, அம்லோடிபின். 10 மில்லிகிராம் போட்டுக்கொண்டிருந்தார் இல்லையா, அந்த மருந்து ரத்தத்தைக் கொண்டுபோகிற சின்னத் தமனிகளை நன்றாகத் தளர்த்தும், திருப்பிக் கொண்டுவருகிற சிரைகளை அந்த அளவுக்குத் தளர்த்தாது. அதனால் நடுவில் இருக்கிற நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் வெளியே கசிந்து, பூமியை நோக்கி இறங்கிக் கணுக்காலில் நிற்கும். ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது. டாக்டர் அதை 5 ஆகக் குறைத்து, டெல்மிசார்ட்டான் 40 என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தார். அது சிரைப் பக்கத்தையும் கொஞ்சம் திறந்துவிடும். இப்போது வீக்கம் வடிந்துவிட்டது, காலையில் ராயபுரம் பாலம் வரை நடந்துவிட்டு வருகிறார்.

எனக்கு ஆறாதது வேறு. கால் வீங்கியதும் என்னிடம் சொல்லாமல் மாத்திரையை அவரே நிறுத்தியிருக்கிறார். பட்டையிலிருந்து பிரித்து எடுப்பார், எனக்குத் தெரிகிற மாதிரி தண்ணீரும் குடிப்பார், மாத்திரை மட்டும் சட்டைப் பையில் இருக்கும். துணி துவைக்கும்போதுதான் கண்டுபிடித்தேன். ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் உட்கார்ந்தே தலை நரைத்தவள் நான், என் வீட்டிலேயே இப்படி. கேட்டால், உடம்பு ஒன்றும் பண்ணவில்லையே என்கிறார். அதுதானே இதன் குணம், ஒன்றும் பண்ணாது. பெரியப்பாவுக்கும் அன்றைக்குக் காலை வரை ஒன்றும் பண்ணவில்லை, அதை உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

அப்பாவுக்குச் சொல்லிப் பார்த்தேன், பேப்பரைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். உனக்கு எழுதுகிறேன், நீ பொறுமையாகப் படிப்பாய், இன்ஜின் ரூமில் இருக்கிறவனுக்கு இது சீக்கிரம் புரியும்.

குழாயில் ஓட்டத்துக்கு பாய்சொய் சமன்பாடு என்று ஒன்று படித்தாயே, பரீட்சைக்கு முன்னால் சமையலறை வாசலில் நின்று என்னிடம் ஒப்பித்தாயே, அந்த பாய்சொய் ஒரு டாக்டர். பிரான்சில் மருத்துவம் படித்தவர், ரத்தம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கண்ணாடி நுண்குழாய்களில் தண்ணீரை ஓட விட்டுப் பார்த்தார். ரத்த அழுத்தத்தைப் பாதரசத்தை வைத்து அளந்ததும் அவர்தான். இன்றைக்கும் எல்லா பிரஷர் மிஷினிலும் மில்லிமீட்டர் பாதரசம் என்றுதான் போடுகிறோம். ஆரத்தின் நான்காம் அடுக்கு என்று வரும் இல்லையா, அதை நினைத்துப் பார். குழாயின் ஆரம் பாதியானால் தடை பதினாறு மடங்கு. ஆரம் பத்தில் ஒரு பங்கு கூடினாலே அதே அழுத்தத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ரத்தம் போகும். உடம்பில் இந்தத் தடையை முடிவு பண்ணுவது பெரிய தமனிகள் இல்லை, கண்ணுக்கே தெரியாத சின்னத் தமனிகள். அவை துளி இறுகினாலும் இதயம் அவ்வளவு அழுத்தம் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கிறது, துளி தளர்ந்தால் அவ்வளவு நிம்மதி. பிரஷருக்கு நாங்கள் கொடுக்கிற மாத்திரைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு துளியைச் சம்பாதிக்கத்தான்.

உன் குழாய்களுக்கும் இதற்கும் வித்தியாசம், இந்தக் குழாயின் சுவரில் தசை இருக்கிறது. ஆயாவின் சுருக்குப் பைக் கயிறு மாதிரி சுற்றிலும் ஓடுகிற தசை. அது இறுக வேண்டுமென்றால் வெளியிலிருந்து கால்சியம் செல்லுக்குள் போக வேண்டும், அதற்கென்று சின்னச் சின்ன வாயில்கள் உண்டு. அம்லோடிபின் அந்த வாயில்களைத்தான் அடைக்கிறது. கால்சியம் குறைவாகப் போனால் தசை குறைவாக இறுகும், குழாய் அகலும். எலும்புக்குச் சாப்பிடுகிற கால்சியத்துக்கும் இதற்கும் சண்டை ஒன்றும் கிடையாது, அடுத்த தெரு அக்கா அதைக் கேட்டு மோரையே நிறுத்திவிட்டாள், அதனால் சொல்கிறேன்.

இப்போது நீ ஆச்சரியப்படுவாய். போன லீவில் வந்தபோது மொட்டைமாடியில் உட்கார்ந்து நாக்ஸ், அதாவது நைட்ரஜன் ஆக்சைடுகள் பற்றிச் சொன்னாய் இல்லையா, டீசல் புகையில் வருகிறது, 2016க்கு அப்புறம் கட்டின கப்பல் அமெரிக்கக் கரைப் பக்கம் போனால் டயர் த்ரீ என்ற கடுமையான புகை வரம்புக்குள் இருக்க வேண்டும், யூரியாக் கரைசலைத் தெளித்து அதை வெறும் நைட்ரஜனாக மாற்றி வெளியே விடுகிறோம் என்று. அந்த நாக்ஸில் பெரும்பங்கு நைட்ரிக் ஆக்சைடு. அதே நைட்ரிக் ஆக்சைடைத்தான் நம் ரத்தக் குழாயின் உள்பூச்சு தானாகவே தயாரிக்கிறது, நாம் சாப்பிடுகிற பருப்பிலும் மீனிலும் இருக்கிற ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து. துளித்துளியாகத் தயாரிக்கிறது, சில நொடிகள்கூட நிற்காது, அதற்குள் பக்கத்துத் தசைக்குள் போய்த் தளரச் சொல்லிவிட்டு மறைந்துவிடும். ஒற்றைச் செல் தடிமன் உள்ள பூச்சு, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடித்த கதையும் நன்றாக இருக்கும். அமெரிக்காவில் ஃபர்ச்காட் என்பவர் முயலின் பெருந்தமனியைத் துண்டு துண்டாக வெட்டி வைத்து அசெட்டைல்கோலின் என்ற மருந்தை விட்டுப் பார்த்தார். சில துண்டு தளர்கிறது, சில துண்டு இறுகுகிறது. ஒரே மருந்துதானே, ஏன் இப்படி என்று பார்த்தால், வெட்டிக் கையாளும்போது உள்பூச்சு உரசிப் போன துண்டுகள் தளரவில்லை. பூச்சு இருந்தால்தான் தளர்வு. 1980இல் இதை எழுதினார். பூச்சிலிருந்து வருகிற அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்று தெரிய இன்னும் ஆறேழு வருஷம் ஆயிற்று. 1998இல் அவருக்கும் இக்னாரோ, முராத் என்ற இரண்டு பேருக்கும் நோபல் கொடுத்தார்கள். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றால், அந்தப் பூச்சைக் கெடுப்பதில் சிகரெட்டுக்கு மிஞ்சினது இல்லை. நீ பிடிக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. இரவு வாட்ச்சில் தூக்கம் வராமல் இருக்க எல்லோரும் பிடிப்பார்கள் என்று நீயே ஒரு தடவை சொன்னாய், அது என் மனசில் இருக்கிறது.

நோபல் என்றதும் இன்னொன்று. டைனமைட் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபலுக்குக் கடைசிக் காலத்தில் நெஞ்சு வலி வந்தபோது டாக்டர்கள் எழுதிக் கொடுத்தது நைட்ரோகிளிசரின், டைனமைட்டில் இருக்கிற அதே சரக்கு. விதியைப் பார் என்று அவரே 1896இல் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அது உடம்புக்குள் போய் நைட்ரிக் ஆக்சைடாகத்தான் வேலை செய்கிறது, அது அப்போது யாருக்கும் தெரியாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நாக்கடியில் வைக்கக் கொடுப்போமே, அந்தக் குட்டி மாத்திரைதான். டைனமைட் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்குத் திங்கட்கிழமை மட்டும் மண்டை பிளக்குமாம். வாரம் முழுக்க அந்த ஆவியில் இருந்து உடம்பு பழகிவிடும், ஞாயிற்றுக்கிழமை லீவில் பழக்கம் விட்டுப்போகும், திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து தலையில் குழாய்கள் விரிந்து வலிக்கும். அம்லோடிபின் வேறு வகை, ஆனாலும் புதிதாக ஆரம்பிக்கும்போது சிலருக்கு முகம் சூடாகி, தலை வலித்து, கிறுகிறுக்கும். விடாமல் போட்டால் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். விட்டு விட்டுப் போடுகிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் அது முதல் நாள்தான். அப்புறம் அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுகிறார்கள்.

இந்த இடத்தை நீ நன்றாகப் படிக்க வேண்டும். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் கப்பலுக்குப் போகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும். கப்பலுக்கு மெடிக்கல் என்று வரும், அதற்கு நாலு நாள் முன்னால் ஜன்னலுக்கு வருவார்கள். அம்மா, பிரஷரை இறக்கணும், சீக்கிரம் இறங்குகிற மாதிரி ஏதாவது கொடுங்கள் என்பார்கள். சீட்டில்லாமல் கொடுக்க மாட்டேன் என்று அனுப்பிவிடுவேன், அவர்கள் வேறு எங்கேயாவது வாங்கியிருப்பார்கள். நாலு நாள் போடுவார்கள், எண் கொஞ்சம் இறங்கும், சர்டிபிகேட் வாங்கிவிடுவார்கள், பட்டையில் மிச்சம் இருப்பது ஷேவிங் பையில் கிடக்கும்.

அம்லோடிபின் உடம்பில் அதன் முழு அளவுக்கு நிலைக்கவே தினமும் போட்டு ஏழெட்டு நாள் ஆகும். டெல்மிசார்ட்டான் முழு வேலையைக் காட்ட நாலு வாரம் பிடிக்கும். நாலு நாளில் கிடைப்பது ஒரு தாளில் எழுத ஒரு எண், அவ்வளவுதான். நிறுத்தினால் சில நாளில் கால்சியம் வாயில்கள் பழையபடி திறந்துகொள்ளும், தசை பழையபடி இறுகும். மருந்து உள்ளே இருக்கிற வரைதான் தளர்வு, போட்ட மாத்திரை எதுவும் சேமிப்பில் நிற்காது. சீக்கிரம் இறக்க வேண்டும் என்பதும் ஆபத்து. நிஃபெடிபின் என்ற பிரஷர் மருந்துக் கேப்சூலைக் கடித்து நாக்கடியில் வைத்துக்கொள் என்று கொடுத்த காலம் ஒன்று உண்டு. எண் மடமடவென்று இறங்கும். இறங்குகிற வேகத்தில் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல் போய், ஸ்ட்ரோக்கும் ஹார்ட் அட்டாக்கும் வந்தன. அதனால்தான் அந்தப் பழக்கத்தை விடச் சொன்னார்கள்.

நான் யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. செல்வி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவளிடம் போய்க் கேட்காதே.

ஆனால் ஒன்று தெரிந்துகொள். பிரஷர் இருக்கிறது என்பதற்காகவே கப்பலில் ஏற்ற மாட்டார்கள் என்று பையன்கள் பயப்படுகிறார்கள், அது அப்படி இல்லை. கப்பல்காரர்களின் மெடிக்கலுக்கு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வும் சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ.வும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி இருக்கிறது. அளவுக்கு மேல் ஏறியிருந்தால் சரிபண்ணிக்கொண்டு வா என்று நிறுத்தி வைப்பார்கள். மருந்தால் கட்டுக்குள் இருக்கிறது, மருந்தால் தொந்தரவு இல்லை என்றால் தகுதி கொடுக்கலாம் என்றுதான் அதில் இருக்கிறது. மறைக்க என்ன இருக்கிறது? சர்டிபிகேட் அதிகபட்சம் இரண்டு வருஷம் செல்லும், அந்த இரண்டு வருஷமும் நடுக்கடலில் இருப்பது அந்தத் தாளா, ஆளா?

டெல்மிசார்ட்டான் கதையையும் சொல்லிவிடுகிறேன், பாப்பாவுக்கு நீ சொல்லலாம், பாம்பு என்றால் கேட்பாள். பிரேசிலில் ஜராராக்கா என்று ஒரு விரியன். அது கடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆள் மயங்கிவிடுவான். அந்த நாட்டு விஞ்ஞானி ஃபெரேரா 1960களில் அந்த விஷத்தைப் பிரித்துப் பார்த்தார். நம் கிட்னி ரெனின் என்று ஒன்றை விடும், அதிலிருந்து படிப்படியாக ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் உண்டாகும். அதுதான் குழாய்களை இறுக்குகிறது, உப்பையும் பிடித்து வைக்கச் சொல்கிறது. விஷத்தில் இருந்த பொருள், ஆஞ்சியோடென்சினை உண்டாக்குகிற நொதியைத் தடுக்கிறது என்று தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் குஷ்மனும் ஒண்டெட்டியும் கேப்டோபிரில் செய்தார்கள், 1981இல் அங்கே விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. அந்த வகையில் சிலருக்கு வறட்டு இருமல் வரும், பெரிய அத்தைக்கு வந்ததே, இரவெல்லாம் இருமி டி.பி. டெஸ்ட் வரைக்கும் போனாளே. டெல்மிசார்ட்டான் அடுத்த தலைமுறை, நொதியை விட்டுவிட்டு, ஆஞ்சியோடென்சின் போய் ஒட்டுகிற இடத்தை மறைக்கும், இருமல் அவ்வளவாக வராது. நம் நாட்டிலும் ஒன்று உண்டு, சர்ப்பகந்தா வேர். பம்பாயில் டாக்டர் வக்கீல் என்பவர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1949இல் எழுதினார், அப்புறம்தான் வெளிநாட்டில் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தார்கள். நரம்பு முனையில் இருக்கிற சரக்கையே தீர்த்துவிடும், குழாயை இறுக்கச் சொல்லும் சேதி குறைந்துவிடும். ஆனால் சிலருக்கு மனசையே அமுக்கிவிடும், அதனால் இப்போது அதிகம் எழுதுவதில்லை. நாட்டு வேர்தானே என்று யாராவது கொடுத்தால் வாங்காதே.

பீட்ரூட் ஜூஸ் வாட்ஸப்பில் சுற்றுகிறது, உனக்கும் வந்திருக்கும். அது பொய்யில்லை. பீட்ரூட்டிலும் கீரையிலும் நைட்ரேட் இருக்கிறது, நாக்கில் வாழ்கிற பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், உடம்பு அதை நைட்ரிக் ஆக்சைடு ஆக்கிக்கொள்ளும். கிருமிநாசினி போட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தால் அதுகூட நடக்காது. ஆனால் அதில் இறங்குவது கொஞ்சம்தான். கீரை கிடைத்தால் சாப்பிடு, மாத்திரைக்குப் பதில் என்று நினைக்காதே. கப்பலில் கீரை எங்கே கிடைக்கும், ஊறுகாயும் அப்பளமும்தான். போன தடவை நானே இரண்டு கிலோ கருவாடு கட்டிக் கொடுத்தேன், இந்தத் தடவை கேட்காதே, தர மாட்டேன்.

அப்புறம் முதுகு வலி என்று டைக்ளோஃபெனாக் போடுகிறாய் இல்லையா, அந்த வகை வலி மாத்திரைகள் உப்பைப் பிடித்து வைத்து பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும், கிட்னிக்கும் நல்லதில்லை. சளிக்கு மூக்கடைப்பு போக்குகிற மாத்திரை மூக்குக்குள் இருக்கிற குழாயை இறுக்கித்தான் அடைப்பை எடுக்கிறது, மூக்கோடு நிற்காது. இன்ஜின் ரூம் சூட்டில் தோல் குழாய்கள் ஏற்கெனவே விரிந்திருக்கும், வியர்வையில் தண்ணீரும் போயிருக்கும், அந்த நேரத்தில் குனிந்து வேலை பார்த்துவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தால் கண் இருட்டும். அது மாத்திரையின் தப்பு என்று நிறுத்தக் கூடாது. தண்ணீர் குடிக்கணும், மெதுவாக நிமிரணும், ஏணியில் ஏறுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நிற்கணும். அப்படியும் இருட்டினால் டாக்டரிடம் கேட்டு மாத்திரையை மாற்றிக்கொள்ளலாம், அப்பாவுக்கு மாற்றினார்களே. எத்தனை வகை இருக்கிறது, ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று. தானாக நிறுத்துவது மட்டும் வேண்டாம். இதை முன்னாலேயே எழுதினேன், தெரியும், மறுபடியும் எழுதுகிறேன், தானாக நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

தாத்தா ஹார்பரில் மூட்டை தூக்கினார். அப்பா அங்கேயே கிரேன் ஓட்டினார். நீ அந்தக் கப்பலுக்குள்ளேயே செகண்ட் இன்ஜினியராக இருக்கிறாய். மீன் வாங்கப் போனால் காசிமேட்டில் உன் பெயரைச் சொல்லித்தான் என்னை விசாரிக்கிறார்கள். எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. அதனால்தான் கோபமும் வருகிறது. முப்பதெட்டு வயசில் இவ்வளவு பெரிய இன்ஜினின் ஒவ்வொரு கேஜையும் மணிக்கு மணி பார்த்து லாக் புக்கில் எழுதுகிறாய், உன்னுடையதை எங்கே எழுதி வைத்திருக்கிறாய்? பெரியப்பாவுக்கு நாற்பத்தொன்று. அதற்கு மேல் எழுதினால் அழுதுவிடுவேன்.

மற்ற சேதி எல்லாம் அடுத்த கடிதத்தில். பாப்பாவுக்குப் பல் விழுந்தது, செல்வி படம் அனுப்பியிருப்பாள். தண்ணீர் ஒழுங்காக வருகிறது. மாடி ஒழுகல் சரிபண்ணியாயிற்று.

நீ செய்ய வேண்டியது இது. கப்பல் மருந்துப் பெட்டி செகண்ட் ஆபிசர் பொறுப்பில் இருக்கிறது, அதில் பிரஷர் மிஷினும் இருக்கிறது என்று நீதான் சொன்னாய். அவரிடம் கேட்டு வாங்கு. காபி, சிகரெட் எதுவும் இல்லாமல் அரை மணி நேரம் இருந்துவிட்டு, காலைத் தரையில் ஊன்றி, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிஷம் சும்மா உட்கார், கையை நெஞ்சு மட்டத்துக்கு மேஜையில் வை, பேசாமல் இரு, இரண்டு தடவை பார். காலையில் ஒன்று, வாட்ச் முடிந்து ஒன்று. ஒரு வாரம் எழுதி வாட்ஸப்பில் அனுப்பு. ஏன் என்று நான் கேட்க மாட்டேன், நீயும் சொல்ல வேண்டாம். அப்பா தன்னுடையதை ஒரு நோட்டில் எழுதி வருகிறார், நேற்றுக் காலை 132க்கு 84. உன் எண் வந்தால் ஸ்டான்லியில் என்னோடு படித்தவள் ஒருத்தியின் மகன் இப்போது டாக்டர், அவரிடம் காட்டுகிறேன், உன் பெயரைச் சொல்லாமல்.

மாத்திரை தேவைப்பட்டால் எத்தனை மாதத்துக்கு வேண்டும் என்று செல்வியிடம் சொல்லி அனுப்பு. ஒப்பந்தம் முடிகிற தேதிக்கு மேல் இரண்டு மாதம் சேர்த்துக் கணக்குப் போடு, கப்பல் எப்போதும் சொன்ன தேதிக்கு விடுவதில்லை. டாக்டர் சீட்டோடு கட்டிக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
அம்மா